பரிதா பேகம் எழுதிய ஜப்பானியப் பரீட்சை

ஓசூர்,
20.9.1987

தங்கை பரிதாவுக்கு அஸ்கரி சலாம் சொல்லி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது, அம்மா மருந்து சாப்பிடுகிறாளா என்பதெல்லாம் நீ எழுதினால்தானே தெரியும். நீ கடிதம் போட்டு ஆறு மாசம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் போய் ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். டிசம்பர் ஆறாம் தேதி டெல்லியில் அதற்குப் பரீட்சை. நாலாம் நிலை, அதுதான் முதல் படி. மனுவில் நிரந்தர முகவரி கேட்டார்கள். ஹாஸ்டலுக்கு வரும் தபாலை எல்லாம் வார்டன் பிரித்துப் பார்ப்பாள். அதனால் தர்மபுரி வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். ஹால் டிக்கெட் உன் பேருக்கு வரும். அது என்னுடையது. பிரிக்காமல் மறு தபாலில் இங்கே அனுப்பிவிடு. அது என்ன இது என்ன என்று கேட்டு நேரத்தை வீணாக்காதே.

அப்பா அம்மாவுக்கு என் சலாம்.

அஸ்கரி


தர்மபுரி,
27.9.1987

அஸ்கரி ஆபாவுக்கு,

சலாம் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் நானும் சொல்கிறேன். அப்பாவுக்கு மெத்தைக் கடையில் பஞ்சு மூக்கில் ஏறி ஓயாத இருமல். அம்மா மருந்தை ஜன்னல் வழியாகக் கொட்டுகிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அதனால் சொல்லவில்லை.

'உன் பேருக்கு வரும், அது என்னுடையது' என்று எழுதியிருக்கிறாயே, எழுதும்போது கை கூசவில்லையா? நாலு வருஷத்துக்கு முன்னால் ஓசூர் கம்பெனியில் பத்தாவது பாஸ் செய்த பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா என் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தைத் தூக்கி உன் கையில் கொடுத்தார். நீ கணக்கில் மூணு தடவை ஃபெயில். "சின்னவளுக்குக் கல்யாணம் ஆயிடும், அவளுக்கு எதுக்கு புஸ்தகம்" என்றார். புத்தகத்தில் போட்டோ கிடையாது, ஆனால் 'இடது முன்கையில் மச்சம்' என்று அங்க அடையாளம் எழுதியிருக்கிறதே என்று ஞாபகப்படுத்தியது நீதான். அப்பா சேராங்கொட்டையைச் சூடு காட்டி அந்தப் பாலை உன் கையில் வைத்தார். பொங்கிப் புண்ணாகி, ஆறியதும் கறுப்பாக நின்றது. அந்தப் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டவள் நான். என்னை மாதிரி முட்டாள் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டாள்.

கல்யாணமும் ஆகவில்லை. எனக்கு இருபத்திரண்டு ஆகிறது. பழைய நகல் ஒன்றை வைத்து கிராம நர்ஸ் பயிற்சிக்கு மனு போட்டிருக்கிறேன். ஜனவரி இருபதாம் தேதி நேர்காணல். அசல் புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டும். எனக்கு என் புத்தகம் வேண்டும்.

பரிதா


ஓசூர்,
5.10.1987

பரிதாவுக்கு,

அல்லா உனக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும்.

நர்ஸ் பயிற்சிக்கு மனு போட உன்னை யார் சொன்னது? புத்தகம் கம்பெனியின் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. வேலையை விட்டால்தான் கையில் கொடுப்பார்கள். வேலையை விட்டுவிடட்டுமா? விட்டால் அந்த வீட்டில் உலை வைப்பது யார் என்று அப்பாவிடம் கேட்டுப்பார். என்னமோ நான் உன் நகையைத் திருடிக்கொண்டு ஓடியது மாதிரி எழுதுகிறாய். அப்பா கொடுத்தார், நான் வாங்கினேன். அன்றைக்கு நீ வாயைத் திறக்கவில்லை.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்கு எங்கே தெரியும். எட்டு மணி நேரம் லென்ஸ் வழியாகப் பார்த்து மயிர் மாதிரி ஒயரைப் பற்றவைக்கிறேன். முப்பது வயசில் கண் போகும், போனதும் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜப்பானிலிருந்து வந்திருக்கும் ஹிராத்தா சாருக்கு இங்கிலீஷ் வராது, எங்களுக்கு அவர் பேச்சு வராது. தப்புச் செய்தால் விரலால் மேஜையைத் தட்டுவார். அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். இப்போது நூறு பெண்களில் ரெண்டு பேரை ஒரு வருஷப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பப் போகிறார்கள். பரீட்சையில் பாஸானவர்களுக்குத்தான் இடம். போய்வந்தால் சூப்பர்வைசர். லென்ஸிலிருந்து தப்பிக்க எனக்கு இருக்கிற வழி இது ஒன்றுதான்.

உன் நர்ஸ் படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும். ஹால் டிக்கெட் வந்ததும் அனுப்பு.

அஸ்கரி


தர்மபுரி,
3.11.1987

ஆபாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உனக்கும் அப்படியே இருக்க துவா செய்கிறேன்.

ஹால் டிக்கெட் நேற்று வந்தது. பிரித்தேன். என் பேர் போட்ட கவரை நான் பிரிக்காமல் வேறு யார் பிரிப்பது? மேலே உன் முகம், கீழே என் பேர், என் பிறந்த தேதி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "என்னாடி அது, யாரு போட்டோ?" என்றாள். "பரிதா போட்டோம்மா" என்றேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புத்தகம் தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து டூப்ளிகேட் வாங்கலாம் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஒரே பேரில் ரெண்டு புத்தகம் சுற்றினால் மூணு பேரும் கம்பி எண்ண வேண்டும் என்கிறார். இதைச் செய்தபோது அவருக்கு இந்தப் பயம் இல்லை.

அதனால் கேட்டுக்கொள். ஹால் டிக்கெட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் புத்தகம் என் கைக்கு வந்ததும் அது உன் கைக்கு வரும். முதலில் புத்தகம்.

பரிதா


ஓசூர்,
10.11.1987

பரிதா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லைனில் உட்கார்ந்தேன், நாலு துண்டு வீணாகிவிட்டது. ஹிராத்தா சார் மேஜையைத் தட்டினார். உன்னால்தான். கூடப் பிறந்தவளிடம் இப்படிப் பேரம் பேசுகிறவளை நான் பார்த்ததில்லை. ரெண்டு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்கியதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே எழுத்துகளை உள்ளங்கையில் எழுதிப் பழகினேன். பத்தாவதில் மூணு தடவை தோற்றவளுக்கு வாழ்க்கையில் ஒரு பரீட்சையாவது பாஸாக ஆசை இருக்காதா? அந்த ஹால் டிக்கெட்டை அரிசி டப்பாவிலோ எங்கேயோ போட்டு மூடி வைத்துக்கொண்டு எனக்கு வேடிக்கை காட்டுகிறாயா?

சரி. பாஸ்போர்ட்டுக்குத் தேவை என்று ஆபீஸில் சொல்லிப் புத்தகத்தை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், பரீட்சை முடிந்ததும் உன் நேர்காணலுக்குள் புத்தகம் உன் கையில் இருக்கும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்? டிசம்பர் மூணாம் தேதி ரயில். அனுப்பு.

அஸ்கரி


தர்மபுரி,
18.11.1987

ஆபாவுக்கு,

சலாம். இதோடு ஹால் டிக்கெட் இருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

உன் மேல் நம்பிக்கை வந்ததால் அனுப்பவில்லை. அல்லா பேரைச் சொல்லிவிட்டாய், அதற்கு மேல் நான் பிடித்துவைத்தால் பாவம் என் தலையில் விழும். இனி அந்தப் பாவம் உன் கணக்கு.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். என் பேரில் ஒரு பரீட்சை டெல்லியில் நடக்கிறது, நான் இங்கே அம்மாவின் கால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ ஒழுங்காக எழுது. ஃபெயிலானால் ஃபெயிலாகிறது பரிதாதான். நான் இதுவரை எதிலும் ஃபெயிலானதில்லை.

அங்கே குளிர் என்கிறார்கள். அப்பாவின் பழைய கம்பளியை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள். கேட்டதை எழுதிவிட்டேன்.

பரிதா


ஓசூர்,
14.12.1987

பரிதாவுக்கு சலாம்.

வந்து சேர்ந்தேன். சளி பிடித்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேர், கூட டீச்சரம்மா. ரெண்டு ராத்திரி ரயில். டெல்லியில் வாயைத் திறந்தால் புகை வருகிறது.

பரீட்சை மூணு பகுதி. முதலில் சொற்கள். பிறகு கேசட்டைப் போட்டுக் கேட்கச் சொன்னார்கள். ஒரு ஆணும் பெண்ணும் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் நிற்பது என்று பேசிக்கொண்டார்கள். பரிதா, எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கணக்கு வாத்தியார் பேசியது ஒரு நாளாவது எனக்கு இப்படிப் புரிந்திருக்கிறதா? அந்தப் பெண் பூக்கடைக்கு முன்னால் நிற்கிறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். கடைசியில் படித்துப் பதில் எழுதுவது. பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டேன்.

விடைத்தாளில் பேர் எழுதும் இடத்தில் என் கை தன்பாட்டுக்கு இங்கிலீஷில் 'ஏ' என்ற எழுத்தைப் போட்டுவிட்டது. நல்லவேளை, பென்சில்தான். ரப்பரால் தேய்த்துவிட்டு உன் பேருக்கு 'எஃப்' போட்டேன்.

முடிவு வர ரெண்டு மாசம் ஆகுமாம். டெல்லியில் அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கினேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவை மூக்கில் துணி கட்டிக்கொண்டு பஞ்சடிக்கச் சொல்.

அஸ்கரி


தர்மபுரி,
22.1.1988

அஸ்கரிக்கு,

இனி நீ எனக்கு ஆபாவும் இல்லை, அக்காவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஜனவரி மூணாம் தேதி தந்தி கொடுத்தேன், அதற்கும் பதில் இல்லை. நீ எழுதிய நீளமான கடிதத்தை நாலு தடவை படித்தேன். குளிர், கேசட், பூக்கடை, சால்வை எல்லாம் இருந்தது. என் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முந்தாநாள் நேர்காணல். காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தேன். கம்பைநல்லூரிலிருந்து வந்த சாலம்மாள் என்ற பெண் எனக்குப் பக்கத்தில். அவள் மதிப்பெண் என்னைவிட நாற்பது குறைவு. என் முறை வந்தது. அசல் எங்கேம்மா என்றார்கள். கம்பெனியில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். போய் எடுத்து வா, மூணு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்போம் என்றார்கள். நல்ல மனுஷர்கள். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் மூணு மணி வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாலம்மாளுக்கு இடம் கிடைத்துவிட்டது. உனக்கு என்ன வியாதி வந்தாலும் வந்து பார்க்க என்னைக் கூப்பிடாதே.

பரிதா


ஓசூர்,
6.3.1988

பரிதாவுக்கு,

சலாம் சொல்கிறேன். நீ பதில் சொல்ல மாட்டாய் என்று தெரியும்.

பாஸாகிவிட்டேன். நேற்றுத்தான் தெரிந்தது. நானூறுக்கு முந்நூற்று இருபத்தாறு. சான்றிதழ் வீட்டு முகவரிக்கு வரும், கிழித்துப் போட்டுவிடாதே. எங்கள் கம்பெனியில் எழுதிய மூணு பேரில் ரெண்டு பேர் பாஸ். ஜூன் மாசம் என்னை அனுப்புகிறார்கள்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகம் நவம்பர் கடைசியிலேயே என் கைக்கு வந்துவிட்டது. டெல்லிக்குப் போகும்போது என் பெட்டியில்தான் இருந்தது. ஆணையிட்டது பொய் இல்லை, அன்றைக்குக் கொடுக்கத்தான் நினைத்தேன். பரீட்சை எழுதி முடித்த பிறகு மனசு வரவில்லை. கொடுத்தால் நர்ஸ் பயிற்சியில் ஒரு பரிதா, பாஸ்போர்ட்டில் ஒரு பரிதா. எங்கேயாவது முட்டிக்கொண்டால் எல்லாம் போய்விடும். நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நானும் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் போவதை நிறுத்த முடியாது.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணை வீட்டுக்கு வரும். பரிதா பேகம் ஓசூரில் வேலை பார்க்கிறாள் என்று அப்பா சொல்ல வேண்டும். அவர் வாய் குழறுவார். நீ அந்த நேரத்தில் வெளியே வராதே. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் போய்விடு. இதை மட்டும் செய்.

அஸ்கரி


தர்மபுரி,
2.4.1988

ஓசூரில் இருப்பவளுக்கு,

அப்பா நேற்று மத்தியானத்திலிருந்து படுத்திருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது, எழுந்திருக்க மனசில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். நான் கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நீ சொன்ன நாளிலிருந்து அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். 'நான்தான் பரிதா. போட்டோவில் இருப்பது என் அக்கா.' இவ்வளவுதான். ரெண்டே வாக்கியம்.

"பரிதா பேகம் வூடு இதானுங்களா?" என்றார். அப்பா மெத்தை தைக்கும் ஊசியோடு அப்படியே எழுந்து நின்றார். "ஆமாங்க, பெரியவ" என்று ஆரம்பித்து, "இல்லீங்க, சின்னவ. ஓசூர்ல இருக்குதுங்க" என்றார். ஊசி கையிலிருந்து விழுந்துவிட்டது. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

வாயில் அந்த ரெண்டு வாக்கியமும் இருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையில் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. "நான் பெரியவங்க. அஸ்கரி. தங்கச்சிதான் ஓசூர்ல" என்றேன்.

போலீஸ்காரர் காகிதத்தைப் பார்த்து இடது கையில் மச்சம் என்று படித்தார். நான் முந்தானையைக் கையோடு இழுத்துச் சுற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும் என்று கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார். நம் ரெண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஆமாங்க, சின்னபுள்ளதான் வேலைக்குப் போவுது. இது பெருசு, வூட்டோட இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

வீட்டில் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் போலீஸ்காரர். அப்பா பேனாவை வாங்கி என் பக்கம் நீட்டினார். நான் போட்டேன். நீ யாரென்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். பெட்டியிலிருந்து உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். கணக்குக்கு நேரே பார்த்துவிட்டு, "கணக்கு வரலியாம்மா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதும் பிடிக்கவில்லை. போய்ச் சேர்.

அஸ்கரி பேகம், அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்


நகோயா அருகில்,
17.7.1988

பரிதாவுக்கு,

நல்ல சாப்பாடு, நல்ல அறை. உடம்புக்குக் குறைவில்லை. மழை நிற்காமல் பெய்கிறது. வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மூணு கடிதத்துக்கும் பதில் இல்லாததால் திரும்பவும் கேட்கிறேன்.

இங்கே காலையில் வரிசையில் நின்றதும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, பரிதா-சான், பரிதா-சான் என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. ஐம்பது தடவையும் உன் முகம் வருகிறது. எனக்கு நன்றாகப் பேச வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் பரிதாவுக்குத்தான் போகிறது.

எனக்குப் போதும். அடுத்த ஜூனில் திரும்பியதும் கொஞ்ச நாள் சூப்பர்வைசராக இருந்து பேர் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறேன். பெங்களூரில் ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் தேடுகிறார்கள். அந்தப் பரீட்சையை அஸ்கரி என்ற பேரில் திரும்ப எழுதுவேன். பத்தாவது கணக்கையும் எழுதி முடித்துவிடுவேன், இப்போது எனக்குப் பயமில்லை. உன் புத்தகத்தை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். நீ நர்ஸாகு. ஒரு வருஷம்தான். ஒரு வரியாவது எழுது.

அஸ்கரி


தர்மபுரி,
11.12.1988

பரிதாவுக்கு,

சலாம். ஜப்பானில் இருக்கும் தங்கைக்கு அக்கா எழுதும் முதல் கடிதம் இது. அப்பா எழுந்து கடைக்குப் போகிறார். அம்மா நீ அனுப்பிய சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். நான் நலம்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் இன்னாசி புது ஆள். "பரிதா பேகம் யாருங்க?" என்று கேட்டார். "எங்க சின்னவங்க, வெளிநாட்ல இருக்கா. குடுங்க, சேத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டேன். சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது.

நீ கணக்கு எழுத வேண்டாம். அக்டோபரில் நான் எழுதிவிட்டேன். உன் புத்தகம் என்னிடம்தானே இருந்தது. கணக்கு ஒன்றுதான் பாக்கி, தனித்தேர்வராகப் பணம் கட்டினேன். எண்பத்தொன்று வந்திருக்கிறது. உன் புத்தகத்தில் அசல் முத்திரையோடு பதிந்து கொடுத்துவிட்டார்கள். அதை வைத்து நர்ஸ் பயிற்சிக்கு மனு போட்டேன். போன வாரம் நேர்காணல். அசலைக் கேட்டார்கள், கொடுத்தேன். உன் வயசு எனக்கு மூணு கூடுதல், ஆனாலும் வரம்புக்குள்தான் இருந்தது. ஜனவரி ரெண்டாம் தேதி அஸ்கரி பேகம் பயிற்சியில் சேருகிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து சேராங்கொட்டை எடுத்து வரட்டுமா, எனக்கு எங்கே மச்சம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அழுதார். உன் புத்தகத்தில் நெற்றித் தழும்புதான் போட்டிருக்கிறது, அதை நானே பார்த்துக்கொண்டேன். ஆறிவிட்டது.

என் புத்தகத்தை நீயே வைத்துக்கொள். அடுத்த ஜூனில் நீ வரும்போது தர்மபுரியில் உனக்கு ஒரு அக்கா இருப்பாள், ஜில்லாவில் நர்ஸாக. கம்பெனியில் நீ பரிதா, பாஸ்போர்ட்டில் நீ பரிதா, பரீட்சைச் சான்றிதழில் நீ பரிதா. இங்கே வந்து நான்தான் அஸ்கரி என்று யாரிடமாவது சொல்லிப் பார். கோவிந்தம்மாளைக் கேட்பார்கள். அவள் போலீஸ்காரரிடம் சொன்னதைத்தான் சொல்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், பரிதா.

உன் அக்கா,
அஸ்கரி பேகம்